நாலு முறை தொடங்கினேன், நாலு முறையும் நின்றுவிட்டது

கேள்வி: எனக்கு வயது 47. ஸ்ரீரங்கத்தில் வீடு, திருச்சி ஜங்ஷன் பக்கம் ஓர் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் வேலை. காலை எட்டரைக்கு பஸ் ஏறினால் வீடு திரும்ப ஏழு ஆகும். படுக்கப் பதினொன்றரை. போன வருடம் ரத்தப் பரிசோதனையில் எச்பிஏ1சி என்ற சர்க்கரை அளவு 6.1 என்று வந்தது. "இன்னும் சுகர் இல்லை, ஆனால் வாசல் வரை வந்துவிட்டது. தினமும் நடங்கள்" என்றார் டாக்டர். பிரஷருக்கு ஒரு மாத்திரை சாப்பிடுகிறேன். படி இறங்கும்போது வலது முழங்கால் வலிக்கிறது. மூன்று வருடத்தில் நாலு முறை உடற்பயிற்சி தொடங்கிவிட்டேன். முதலில் காலை ஐந்து மணி வாக்கிங், மூன்று வாரம். அப்புறம் ஜிம்மில் ஆறு மாதப் பணம் கட்டிவிட்டுப் பதினோரு நாள் போனேன். அடுத்து ட்ரெட்மில் வாங்கினோம்; அதில் இப்போது துணி காய்கிறது. கடைசியாக அடி எண்ணும் வாட்ச். தினம் பத்தாயிரம் அடி என்று வைத்துக்கொண்டு ஆறு வாரம் ஓட்டினேன். எடை 400 கிராம்தான் குறைந்தது. அந்த நேரம் பார்த்து மாமியாருக்கு ஜுரம். நாலு நாள் நின்றது, அப்படியே போய்விட்டது. 21 நாள் செய்தால் பழக்கமாகிவிடும் என்கிறார்கள். எனக்கு நாற்பதாவது நாளும் கஷ்டமாகத்தான் இருந்தது. "உனக்கு எல்லாமே மூணு நாள் கூத்து" என்று கணவர் கிண்டல் செய்கிறார். "வீட்டு வேலை செய்யறதே எக்சர்சைஸ்தானே, அப்புறம் என்ன தனியா?" என்கிறார் 74 வயது மாமியார். எனக்கு மன உறுதியே கிடையாதா? அதை எப்படி வளர்த்துக்கொள்வது?

— பெயர் வேண்டாம், ஸ்ரீரங்கம்

பதில்: அன்புச் சகோதரிக்கு,

நீங்கள் கணக்குப் பிரிவில் இருப்பவர் என்பதால் முதலில் ஒரு கூட்டல். மூன்று வாரம் 21 நாள், ஜிம் 11 நாள், வாட்ச் கட்டிய ஆறு வாரம் 42 நாள். மொத்தம் 74. ட்ரெட்மில்லுக்கு நீங்கள் நாள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வேலைக்கும் போய், சமைத்து, நோயாளியையும் பார்த்துக்கொண்டு 74 நாள் இதற்கென நேரம் ஒதுக்கியவரை மன உறுதி இல்லாதவர் என்று நான் சொல்ல மாட்டேன். தொடங்குவதில் நீங்கள் தேறிவிட்டீர்கள். நின்றதும் எப்படித் திரும்பி வருவது என்பதைத்தான் யாரும் உங்களுக்குச் சொல்லித்தரவில்லை.

இயன்முறை மருத்துவராக 22 வருடமாக முழங்காலும் இடுப்பும் தோளும் பார்த்து வருகிறேன். பத்து வருடம், பதினைந்து வருடம் என்று பயிற்சியைத் தொடரும் ஆட்கள் சிலர் என்னிடம் வருவார்கள். விசாரித்தால் அவர்களும் அடிக்கடி விட்டவர்கள்தான். கல்யாணம், பிள்ளையின் பரீட்சை, ஜுரம், ஊருக்குப் போனது என்று எல்லாம் வரும். ஆனால் ஊரிலிருந்து வந்த மறுநாள் நல்ல நாள் பார்க்காமல், புது உடுப்பு வாங்காமல், வீட்டில் அறிவிக்காமல் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிவிடுவார்கள். நீங்கள் ஒவ்வொரு முறையும் புதிதாகப் பூஜை போட்டுத் தொடங்கியிருக்கிறீர்கள். நாலு நாள் விட்டதும் "போச்சு" என்று கணக்கை மூடி, அடுத்த முறை இன்னும் பெரிய முதலீட்டோடு வந்திருக்கிறீர்கள். காலை நடை ஜிம் ஆனது, ஜிம் ட்ரெட்மில் ஆனது.

இதை மேலே நின்று சொல்லவில்லை. சில வருடங்களுக்கு முன் எனக்கே தோள் இறுகிப்போய், தினம் பத்துப் பேருக்குச் சொல்லித்தரும் அதே பயிற்சியை ஒன்பது நாள் செய்யாமல் இருந்தேன். பத்தாம் நாள் ஜாக்கெட் கொக்கி மாட்டக் கை பின்னால் போகவில்லை. அப்போதுதான் புத்தி வந்தது.

அந்த 21 நாள் கதையைப் பார்ப்போம். 1960-ல் அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன் ஒருவர், அறுவை சிகிச்சைக்குப் பிறகு புது முகத்துக்குப் பழக ஆட்களுக்குக் குறைந்தது மூன்று வாரமாவது ஆகிறது என்று எழுதினார். "குறைந்தது" என்ற சொல் வழியில் உதிர்ந்துபோய், முகத்துக்குச் சொன்னது நடைக்கும் தியானத்துக்கும் விதியாகிவிட்டது. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் 96 பேரை வைத்து நிஜமாகவே பார்த்தார்கள். ஒரு செயல் யோசிக்காமல் வரும் அளவுக்குப் படிய நடுவாந்தரமாக 66 நாள் ஆனது. ஒருவருக்கு 18 நாளில் படிந்தது. இன்னொருவருக்கு 254 நாள் ஆகும் என்று கணக்கு வந்தது. சாப்பாட்டோடு ஒரு பழம் என்பதுபோன்ற பழக்கத்தைவிட உடற்பயிற்சிப் பழக்கம் படியத்தான் நாளானது. ஆக, நாற்பதாவது நாள் உங்களுக்குக் கஷ்டமாக இருந்ததில் அதிசயம் ஒன்றுமில்லை. அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது: இடையில் ஒரு நாள் விட்டதால் பழக்கம் படிவது கெட்டுப்போகவில்லை. எனக்கு இந்தச் செய்திதான் முக்கியம்.

அடுத்து எடை. நீங்கள் நின்றதற்கு மாமியாரின் ஜுரம் பாதிக் காரணம். அந்த 400 கிராம் மீதிக் காரணம். கேட்க நன்றாக இராது, ஆனாலும் சொல்கிறேன்: நடையால் மட்டும் எடை பெரிதாகக் குறையாது. அரை மணி நேர நடையில் செலவாவதை ஒரு மெதுவடையும் சர்க்கரை போட்ட காபியும் ஈடுகட்டிவிடும். ஆனால் உங்கள் டாக்டர் சுகருக்காகத்தானே நடக்கச் சொன்னார்? அதற்கு நம் ஊரிலேயே ஆதாரம் இருக்கிறது. சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர், உங்களைப் போல சுகரின் வாசலில் நின்ற 531 பேரைச் சேர்த்து ஓர் ஆய்வு நடத்தி 2006-ல் வெளியிட்டார்கள். பொதுவான ஆலோசனை மட்டும் கேட்டுப் போனவர்களில் மூன்று ஆண்டில் நூற்றுக்கு 55 பேருக்கு நீரிழிவு வந்துவிட்டது. நடையும் உணவுக் கட்டுப்பாடும் தொடர்ந்தவர்களில் அது 39-ஆகக் குறைந்தது. இதில் வேடிக்கை, அவர்களுக்கும் எடை சொல்லிக்கொள்ளும்படி குறையவில்லை. எடை மெஷின் அசையாதபோதே உள்ளே வேலை நடந்திருக்கிறது.

எப்படி என்றால், சாப்பிட்டதில் வரும் சர்க்கரையைப் பெருமளவு இழுத்துக்கொள்வது தசைகள். இன்சுலின் வந்து கதவைத் தட்டினால்தான் அவை சர்க்கரையை உள்ளே விடும். வேலை செய்துகொண்டிருக்கும் தசைக்கு அந்தத் தட்டல்கூட அவ்வளவாகத் தேவைப்படாது. நடந்து முடித்த பிறகும் ஒரு நாள், சில சமயம் இரண்டு நாள்வரை தசை இன்சுலினுக்குச் சுலபமாகக் கதவைத் திறக்கும். அதற்குமேல் பழையபடி மந்தமாகிவிடும். நான் போடும் ஒரே விதியும் இதிலிருந்து வந்ததுதான்: சேர்ந்தாற்போல் இரண்டு நாளுக்கு மேல் விடாதீர்கள். திங்கள் விட்டுப்போச்சா, போகட்டும். செவ்வாயும் விட்டுப்போச்சா, புதன் எப்படியாவது இறங்குங்கள்.

எச்பிஏ1சி என்பது ஏறத்தாழ மூன்று மாதச் சர்க்கரையின் சராசரி. ஆறாவது வாரத்தில் நிறுத்திய நீங்கள் பரீட்சை எழுதிவிட்டு ரிசல்ட் வருமுன்பே ஃபெயில் என்று முடிவு கட்டியிருக்கிறீர்கள். இம்முறை எடை மெஷினைப் பரணில் போடுங்கள். அளவு பார்க்காமல் இருக்க முடியாதென்றால் இடுப்பைச் சுற்றி ஓர் அங்குல டேப் போதும். நம் பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்குள் இருந்தால் நல்லது. மூன்று மாதம் கழித்து ரத்தம் கொடுங்கள்.

சரி, எப்போது நடப்பது? காலை ஐந்து மணி உங்களுக்கு வேண்டாம். ஐந்தரை மணி நேரம் தூங்கிய உடம்பை அலாரம் வைத்து எழுப்பி நடக்க வைத்தால் அது மூன்று வாரம் பொறுத்ததே பெரிது. பிரம்ம முகூர்த்தத்தில் நடப்பவர்களுக்குத்தான் உடம்பு தேறும் என்று எந்தத் தசைக்கும் தெரியாது. இரவுச் சாப்பாடு முடிந்து, பாத்திரம் துலக்க உட்காருமுன் பன்னிரண்டு நிமிடம் நடங்கள். சாப்பிட்ட பிறகு ரத்தத்தில் சர்க்கரை ஏறும் நேரத்தில் கால் வேலை செய்தால் அந்த ஏற்றம் தணியும். தவிர, சாப்பாடு தினமும் நடக்கும் காரியம். அதன் வாலைப் பிடித்துக்கொண்டால் "எப்போது போவது" என்று தினமும் உங்களோடு நீங்களே பேரம் பேச வேண்டியதில்லை.

அதுவும் ஸ்ரீரங்கத்தில் இருந்துகொண்டு நடக்க இடம் தேடுவார்களா? உத்தர வீதிகள் நாலும் கோயிலைச் சுற்றிச் சதுரமாகப் போகின்றன. கடைகளும் வெளிச்சமும் ஆள் நடமாட்டமும் இருக்கின்றன. ஒரு நாள் கடிகாரம் பார்த்து, உங்கள் நடைக்குப் பன்னிரண்டு நிமிடம் எந்த மூலை வரை போய்த் திரும்ப வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அதற்கப்புறம் கடிகாரம் வேண்டாம், மூலை போதும். வேகத்துக்கு ஒரு சுலபமான அளவு உண்டு: பேச முடிய வேண்டும், பாட மூச்சு போதக் கூடாது. திருப்பாவைப் பாசுரத்தை ராகத்தோடு சொல்லிக்கொண்டே நடக்க வருகிறதென்றால் கொஞ்சம் வேகம் கூட்டுங்கள். பக்கத்தில் இருப்பவருக்குப் பதில் சொல்லவே திணறினால் குறையுங்கள். இரவில் தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் கணவரை அழைத்துப் போங்கள். மூணு நாள் கூத்தை அவர் கூடவே இருந்து பார்க்கட்டும்.

பன்னிரண்டு நிமிடத்தில் என்ன ஆகிவிடும் என்று நினைப்பீர்கள். உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு வேண்டும் என்கிறது. அங்கே போய்ச் சேர உங்களுக்கு நாலைந்து மாதம் இருக்கிறது. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை இரண்டு மூன்று நிமிடம் கூட்டுங்கள். அதற்குமுன் ஆசைப்பட்டுக் கூட்டாதீர்கள். நல்ல நாளில் நாற்பது நிமிடம் நடந்தவர்தான் மோசமான நாளில் "நாற்பது முடியாது" என்று வீட்டிலேயே இருந்துவிடுவார். மோசமான நாளுக்கும் இப்போதே ஒன்று முடிவு செய்துவிடுங்கள்: மாமியாருக்கு ஜுரம், வீட்டில் யாருக்காவது பரீட்சை, அலுவலகத்தில் மார்ச் மாதக் கணக்கு என்று வரும்போது தெருமுனை வரை போய்த் திரும்பி வருவது. இரண்டு நிமிடம். அன்றைக்கு உடம்புக்கு அதனால் பெரிய லாபமில்லை. ஆனால் கணக்கு மூடப்படாமல் இருக்கும். ஒரு வாரம் முழுக்க விட்டுப்போனால், விட்டதைச் சேர்த்துப் பிடிக்கப் பார்க்காமல் பாதி நேரத்திலிருந்து தொடருங்கள்.

பத்தாயிரம் அடியையும் விட்டுவிடலாம். 1964 டோக்கியோ ஒலிம்பிக்கை ஒட்டி ஜப்பானில் நடைமோகம் பரவியபோது, அடுத்த வருடம் அங்கே ஒரு கம்பெனி அடி எண்ணும் கருவி ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதற்கு வைத்த பெயருக்கே "பத்தாயிரம் அடி மானி" என்றுதான் அர்த்தம். வாயில் நன்றாக நின்ற அந்த விளம்பர எண்தான் இன்று உங்கள் மணிக்கட்டில் உட்கார்ந்து மிரட்டுகிறது. அதில் பாதிக்கும் குறைவான அடியிலேயே நன்மை தொடங்கிவிடுகிறது. வாட்ச்சை வேறு யாரிடமாவது கொடுத்துவிடுங்கள்.

நடையை விட எனக்குக் கவலை உங்கள் முழங்கால். நேரில் பார்க்காமல் முடிவாகச் சொல்ல மாட்டேன். ஆனால் ஏறும்போதைவிட இறங்கும்போது வலிக்கிறது என்றால் பெரும்பாலும் தொடையின் முன்தசை தளர்ந்திருக்கும். இறங்கும்போது உடம்பின் பாரத்தைப் பிடித்துப் பிடித்து இறக்குவது அந்தத் தசைதான். நடை அதைப் போதுமான அளவு வலுவாக்காது. எனவே வாரம் மூன்று நாள், ஒரு நாள் விட்டு ஒரு நாள், இதைச் செய்யுங்கள். கைப்பிடி இல்லாத உறுதியான நாற்காலியைச் சுவரில் அண்டக் கொடுத்துப் போடுங்கள். கைகளை மார்பில் கட்டிக்கொண்டு எழுந்து நில்லுங்கள். உட்காரும்போது பொத்தென்று விழாமல் மூன்று எண்ணி மெதுவாக இறங்குங்கள். எட்டு முறை, ஒரு நிமிடம் ஓய்வு, மறுபடி எட்டு முறை. பிரஷர் இருப்பதால் மூச்சை அடக்காதீர்கள். எழும்போது மூச்சை வெளியே விடுங்கள். நாற்காலி தாழ்வாக இருந்து முழங்கால் முனகினால் ஒரு தலையணையைப் போட்டு உயர்த்திக்கொள்ளுங்கள். காலையில் பால் பொங்கக் காத்திருக்கும்போது மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குங்கள். பாலையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மறுநாளும் அதற்கடுத்த நாளும் தொடையில் கடுப்பு இருக்கும். அது தசையின் வலி, தானாகப் போகும். மூட்டே வீங்கினாலோ, நடுவில் பூட்டிக்கொண்டாலோ, இன்றைய வலி நாளைக் காலை அதிகமாக இருந்தாலோ நிறுத்திவிட்டு அருகிலுள்ள இயன்முறை மருத்துவரிடம் காட்டுங்கள். நடக்கும்போது நெஞ்சு இறுகுவது, வலி தோளுக்கோ தாடைக்கோ பரவுவது, தலை சுற்றுவது, வழக்கத்துக்கு மாறாக மூச்சு வாங்குவது — இவற்றில் எது வந்தாலும் அங்கேயே உட்கார்ந்துவிடுங்கள், உடனே டாக்டரிடம் போங்கள்.

பல பெண்கள் எழுதத் தயங்கும் ஒன்றை நானே கேட்கிறேன்: எதைப் போட்டுக்கொண்டு நடக்கிறீர்கள்? புடவைக்கு ஷூ போட்டால் தெருவில் சிரிப்பார்களே என்று ரப்பர் செருப்பில் நடந்து, குதிகால் வலியோடு வாக்கிங்கையே விட்ட பெண்களை நிறையப் பார்த்திருக்கிறேன். உங்கள் மூன்று வாரக் காலை நடைக்கும் அதில் பங்கு இருக்குமோ என்று ஒரு சந்தேகம். முதல் வாரம் பார்ப்பார்கள், நாலாவது வாரம் "எங்கே வாங்கினீங்க, என்ன விலை?" என்று கேட்பார்கள். சுகரின் வாசலில் இருக்கும் நீங்கள் இப்போதிருந்தே பாதத்தைக் கவனிக்க வேண்டியவர். மாலையில் கடைக்குப் போங்கள். பகலெல்லாம் உட்கார்ந்து பாதம் சற்றே உப்பியிருக்கும், அந்த அளவுக்கு வாங்கினால்தான் கடிக்காது. விரல் நுனிக்கு முன்னால் கட்டைவிரல் அகலம் இடம் இருக்கட்டும். ஜிம்முக்குக் கட்டிய பணத்தோடு பார்த்தால் இது ஒன்றுமே இல்லை. ட்ரெட்மில்லை விற்கச் சொல்லலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஐப்பசி அடைமழைக்கு உதவும், வைத்துக்கொள்ளுங்கள். துணியை மட்டும் எடுத்துவிடுங்கள்.

கடைசியாக மாமியார். அவரை உதறிவிட முடியாது. பாதிக்குப் பாதி அவர் சொல்வது சரி. 1953-ல் ஜெர்ரி மோரிஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர், லண்டன் மாடி பஸ்களின் டிரைவர்களையும் கண்டக்டர்களையும் ஒப்பிட்டு எழுதினார். நாளெல்லாம் உட்கார்ந்திருந்த டிரைவர்களைவிட, டிக்கெட் கொடுக்க மாடிப்படி ஏறி இறங்கிய கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவாக இருந்தது. எந்தக் கண்டக்டரும் ஜிம்முக்குப் போகவில்லை. வேலையே அவர்களுக்குப் பயிற்சி. முன்பெல்லாம் சேர்ந்தாற்போல் பத்து நிமிடமாவது செய்தால்தான் கணக்கு என்றிருந்ததை உலக சுகாதார நிறுவனமும் 2020-ல் எடுத்துவிட்டது. அலுவலகத்தில் லிஃப்டை விட்டுப் படி ஏறுவது, ஒரு நிறுத்தம் முன்னால் இறங்குவது எல்லாம் சேரும். முழங்கால் தேறும்வரை ஏறுவதற்கு மட்டும் படி, இறங்க லிஃப்ட். குனிந்து தரை துடைத்து மூச்சு வாங்கினால் அதுவும் சேரும். ஆனால் கிணற்றில் நீர் இறைத்து, ஆட்டுக்கல்லில் மாவாட்டிய காலத்து வீட்டு வேலையை நினைத்து அவர் பேசுகிறார். நீங்கள் கிரைண்டரில் சுவிட்சைத் தட்டுகிறீர்கள். நாளெல்லாம் நின்று கால் கடுப்பதும் உழைப்பில் மூச்சு வாங்குவதும் ஒன்றல்ல.

இதை அவரிடம் வாதாடிக்கொண்டிருக்க வேண்டாம். அவர் வயதில் எங்கள் பயமே கீழே விழுவதுதான். நீங்கள் பால் காய்ச்சும்போது அவரையும் பக்கத்தில் அழைத்து, மேடையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் பத்து எண்ணும்வரை நிற்கச் சொல்லுங்கள். அப்புறம் அடுத்த கால். வாரம் மூன்று நாளாவது. நீங்கள் அருகிலேயே நில்லுங்கள். எண்ணிக்கையை அவரே சத்தமாகச் சொல்லட்டும். உங்கள் குதிகால் பயிற்சிக்கும் அதே எண்ணிக்கை உதவும்.